வானளவையும் வண்டமிழும்

(அத்திப்பட்டில் பொங்கல் விழாவையொட்டி நடைபெற்ற தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியன் ஒருவன் வானியலைப் பற்றிப் பேச வருவதென்ன என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். இலக்கணமும் இலக்கியமும் பேச வேண்டியவன் விண்மீன்களை எண்ணப் புறப்பட்டது ஏன் என்று கேட்கவும் கூடும். விண்மீனை எண்ணுகின்றவன் எந்த மொழியில் எண்ணுகிறான் என்பதில் தமிழுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவ்வழக்கை எடுத்துரைக்கவே வந்தேன்.

மார்கழித் திருவாதிரையன்று நம் வீடுகளில் களி கிண்டுகிறோம். ஏழுகறிக் குழம்பு வைக்கிறோம். அந்த ஆதிரை மீன் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் எத்தனை பேர் வானத்தில் விரல் நீட்டிக் காட்டுவார்கள்? தை, மாசித் திங்கள்களின் முன்னிரவில் கிழக்கிலிருந்து மேலெழும் பெரிய நாற்கோணம் ஒன்றுண்டு. மேலையோர் அதனை வேட்டைக்காரன் என்பர். அவன் இடுப்புக் கச்சையாக மூன்று மீன்கள் ஒரு வரிசையில் நிற்கும். அவன் தோள்களுள் ஒன்றில் செந்நிறமாக ஒளிர்வதே ஆதிரை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆதிரை மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்பிரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எதிர்த்தோளில் உள்ள, எப்போதும் அதனினும் மங்கலான மீனுக்கு அது ஏறக்குறைய நிகராகி நின்றது. வெறுங்கண்ணாலேயே காணத்தக்க மாற்றம் அது. அதனை உலகுக்கு அறிவித்தவர்கள் ஆண்டுக்கணக்காக அம்மீனின் ஒளியை அளந்து ஏட்டில் குறித்து வந்தவர்கள். நாம் அவ்வாண்டும் களி கிண்டினோம்; உண்டோம்; உறங்கினோம்.

அதன்பின் நிகழ்ந்ததே இன்றைய என் பேச்சுக்குத் தோற்றுவாய். மங்கியதற்குக் கரணியம் என்ன என்று உலகத்துத் தொலைநோக்கிகளெல்லாம் ஆராய்ந்தன. இதற்கிடையில் சப்பான் நாட்டுத் தோக்கியோப் பல்கலைக்கழகத்து மாணவர் மூவர் வேறொரு வழியில் எண்ணினர். வானிலை பார்ப்பதற்காக அந்நாடு ஏவிய இமாவரி என்னும் செயற்கைக்கோள், முகில்களைப் படமெடுக்கும் வேலையில் இரவும் பகலும் நம் ஞாலத்தையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. படத்தின் ஓரத்தில், உலக உருண்டைக்கு வெளியே, கருவானத்தில் சில விண்மீன்களும் விழுந்திருக்கும் அல்லவா? அவற்றுள் ஆதிரை இருக்குமோ என்று தேடினர், இருந்தது. நாலரை ஆண்டுக் காலப் படங்களைக் கணினிகொண்டு அலசினர். மீனின் வெப்பம் குறைந்ததும், அது கக்கிய வளி குளிர்ந்து துகளாகி நம் பார்வையை மறைத்ததும் ஆகிய இரண்டுமே மங்கலுக்குக் கரணியம் என்னும் முடிவுக்கு அப்படங்கள் வலுச் சேர்த்தன. 2022-இல் அவ்வாய்வு வெளிவந்தது. அம்மூவரும் புதிய தொலைநோக்கி எதனையும் கட்டவில்லை. முகிலுக்கென்று எடுத்த படத்தில் மீனைக் கண்டனர்.

இதுதான் இன்றைய வானியல். ஒரு மாந்தன் ஒரு கருவியின் முன் கண் வைத்து ஒரு பொருளை நோக்கிய காலம் முற்றிலும் போய்விடவில்லை. எனினும் பெரும்பணி இன்று வேறு வகையில் நடக்கிறது. முழு வானையும் மீண்டும் மீண்டும் அளந்து சேமித்து வைக்கிறார்கள்; சேமித்ததனுள் தேடுகிறார்கள். சேமித்ததற்குத் தரவு என்று பெயரிட்டிருக்கிறோம். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். முதலில் தரப்படுவது தரவு. பிறகுதான் தாழிசையும் தனிச்சொல்லும். முடிவு சொல்லும் சுரிதகம் கடைசியில் வரும். தரவில்லாமல் சுரிதகம் பாட முடியாது என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர்க்கும் நினைவூட்டலாம்.

முழு வானையும் அளக்கும் செயலுக்கு நான் வானளவை என்னும் சொல்லை ஆள்கிறேன். நிலத்தை அளப்பது நில அளவை என்று ஊரறியும். பட்டா வாங்கிய ஒவ்வொருவரும் அறிவர். அச்சொல்லின் வழிப்பட்டதே வானளவை. அதற்கு இன்னுமொரு சிறப்புண்டு. நம் முன்னோர் அளவை என்னும் சொல்லை முழத்துக்கும் மரக்காலுக்கும் மட்டும் வைக்கவில்லை. மெய்யறியும் வழிக்கும் அதனையே வைத்தனர். காட்சி ஓர் அளவை; கருதல் ஓர் அளவை. மணிமேகலை அளவைகளை விரித்துப் பேசும் நூல் என்பதைப் படித்தோர் அறிவர். அளப்பதற்கும் அறிவதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழிக்கு இவ்வறிவியல் அயலானதன்று.

நம் மண்ணுக்கும் இஃது அயலானதன்று. இங்கிருந்து தொடர்வண்டி ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சென்றடையக் கூடிய நுங்கம்பாக்கத்தில், இன்றைய வானிலை நடுவத்தின் வளாகத்துள், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. கிழக்கிந்தியக் குழுமத்தார் 1792-இல் அங்கே வானாய்வகம் கட்டியபோது தொலைநோக்கியைத் தாங்க நட்ட தூண் அது. அதனைக் கட்டிய தாப்பிங்கு என்பார் ஆய்வகத்தின் செய்தியைத் தமிழிலும் தெலுங்கிலும் வேறு மொழிகளிலும் கல்லில் பொறித்து வைத்தார். வெள்ளைக்காரன் தன் புகழை நிறுத்தத்தான் பொறித்தான், ஐயமில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டு கழித்து இம்மண்ணில் படிக்கப் போகிறவன் தமிழில் படிப்பான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் வந்த நம் ஆட்சியாளர்க்கு அஃது ஏன் தெரியாமற் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவ்வாய்வகத்தில் தெயிலர் என்பவர் ஆண்டுக்கணக்காக அளந்து 1844-இல் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். சென்னை அட்டவணை என்று அதற்குப் பெயர். இரவெல்லாம் விழித்து, ஒவ்வொரு மீனும் நடுக்கோட்டைக் கடக்கும் நொடியைக் காதால் கடிகாரத்தைக் கேட்டுக் கண்ணால் மீனைப் பார்த்துக் கையால் எழுதிய கணக்கு அது. அவருக்குப் பின் 1861-இல் போக்சன் வந்தார். அவ்வாண்டே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு ஆசியா என்று பெயரிட்டார். விண்மீன்களின் ஒளித்தரத்தை ஐந்து படிக்கு நூறு மடங்கு என்று வரையறுத்த அளவுகோல் அவர் வகுத்ததே. உலகத்தார் இன்றும் அதனைத்தான் ஆள்கின்றனர்.

போக்சனின் கீழ்ப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. ஐந்திறம் எனப்படும் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். தென்வானில் அடிவானத்தை ஒட்டி, வலை என்னும் பெயருடைய விண்மீன் கூட்டத்தில், ஒரு மீனின் ஒளி ஒருபடித்தாக நில்லாமல் கூடிக் குறைவதை 1867-இல் அவர் கண்டார். மாறொளி மீன் என்று நாம் சொல்லும் வகையைச் சேர்ந்தது அது. ஒரு முறை பார்த்தவனுக்கு அது வெறும் மீன். பல முறை அளந்து, பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட்டவனுக்கே அது மாறொளி மீன்.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று, ஆங்கிலத்தோடு நில்லாமல் இந்நாட்டு மொழிகள் பலவற்றிலும் சிறுநூல் வெளியிட்டார். பழைய வாய்பாட்டின்படியே நாளும் கோளும் கணித்துவந்த பஞ்சாங்கக்காரர்களை எதிர்த்து, கண்ணால் கண்ட இருப்போடு கணக்கு ஒத்துவர வேண்டும் என்று வழக்காடினார். எக்குடியிற் பிறந்தவராயினும் ஆகுக. முன்னோர் சொன்னது என்பதற்காக மட்டும் ஒன்றைக் கொள்ளாதே, அளந்து பார் என்று அந்நாளிலேயே சொன்னவர். நம் இயக்கத்தார் அவர் பெயரை அறிந்திருத்தல் கடன்.

போக்சனின் பணியில் ஒரு குறையும் உண்டு. முப்பதாண்டுக் காலம் அளந்த கணக்குகளில் பெரும்பகுதியை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1891-இல் அவர் மறைந்தபின் மிச்சேல் சிமித்து என்பவர் அவற்றைத் திரட்டி அச்சேற்றினார். பெட்டியில் கிடக்கும் கணக்கு எவருக்கும் பயன்படாது. பரணில் கிடந்த சுவடிகள் கறையானுக்குப் போன வரலாறு தெரிந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிக் கோடைக்கானல் மலைக்கு வருகிறேன். அங்குள்ள கதிரவ ஆய்வகத்தின் அடியில் ஒரு பஞ்சத்தின் கதை கிடக்கிறது. 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில் பல பத்து இலக்கம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்க்கிறது? கதிரவன் முகத்துக் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ? கதிரவனை நாள்தோறும் நோக்கினால் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாமோ? இவ்வாறு அக்காலத்து அறிவியலார் எண்ணினர். அவ்வெண்ணமே வளர்ந்து 1899-இல் கோடைக்கானல் ஆய்வகமாயிற்று. பஞ்சத்தில் மக்கள் மாண்டது மழை பொய்த்ததால் மட்டுமன்று. ஊரில் பசித்திருக்கையில் துறைமுகத்தில் கூலம் கப்பலேறிக்கொண்டிருந்தது. கதிரவன் முகத்தைக் கணக்கெடுத்த ஆட்சி அக்கூலத்தையும் ஒருமுறை கணக்கெடுத்திருக்கலாம். அது நிற்க.

1904 தொடங்கி, வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் அங்கே கதிரவனைப் படமெடுத்தார்கள். வெண்ணொளியிலும், சுண்ண உலோகம் உமிழும் ஊதாவொளியிலும், பின்னர் நீரகச் செவ்வொளியிலும் எடுத்தார்கள். 1909-இல் எவர்செட்டு என்பவர் கரும்புள்ளியின் ஓரநிழலில் வளி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் அங்கேதான். அவ்விளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் என் மனத்தைத் தொடுவது அந்தக் கண்டுபிடிப்பன்று, அந்த விடாப்பிடி. இரண்டு உலகப் போர்களின்போதும் எடுத்தார்கள். நாடு கைமாறியபோதும் எடுத்தார்கள். மழையும் மூடுபனியும் விட்ட நாள்களில் ஆய்வகப் பணியாளர் கண்ணாடித் தகட்டைச் செருகினர், எடுத்தனர், கழுவினர், நாள் குறித்து அடுக்கினர். கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிச் சிறுக்கும். அச்சுழற்சி ஒன்றைக் காணவே ஒருவன் இளமையின் பாதி போய்விடும். பத்துச் சுழற்சிகளை ஒரே வகைப் படங்களால் ஒப்பிட வேண்டுமானால் மூன்று தலைமுறை உழைக்க வேண்டும். அத்தகைய நூற்றாண்டுத் தொடர் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. அவற்றுள் ஒன்று நம் பழனிமலைத் தொடரில் இருக்கிறது.

அக்கண்ணாடித் தகடுகளை அண்மை ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கணினிப் படமாக்கி இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அவற்றை எடுத்து ஆராயலாம், ஆராய்கிறார்கள். கதிரவன் நடுப்பகுதியில் விரைந்தும் முனைகளில் மெல்லவும் சுழல்வது எவ்வாறு என்பதை நூறாண்டுப் படங்களிலிருந்து அளந்திருக்கிறார்கள். அவ்வாய்வு எதுவும், தகட்டைக் கழுவிய அந்த முதற் பணியாளர் எண்ணிப் பார்த்திருக்கக் கூடியதன்று.

நீலமலையின் முத்தொரையில் 1970-இல் கோவிந்து சுவரூப்பு அமைத்த வானலைத் தொலைநோக்கியைப் பற்றியும் பேச ஆசை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்விடத்தின் குறுக்குக்கோடு எத்தனை பாகையோ அத்தனை பாகை, ஏறத்தாழ 11 பாகை, இயற்கையாகவே சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். அதனால் ஞாலத்தின் அச்சுக்கு இணையாகக் கருவி தானே கிடக்கிறது! நம் மலை அந்தக் கருவிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. சவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1988-இல் அங்குக் கண்ட சிறுகோளுக்கு நம் கும்பகோணத்துக் கணக்கர் இராமானுசன் பெயரை வைத்தார்கள்.

அத்திப்பட்டு மக்களாகிய உங்களுக்கு இன்னோர் உரிமையும் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலிருந்து ஏவூர்தி எழும்போது உங்கள் மாடியிலிருந்தே அதன் நெருப்பு வாலைக் காண்கிறீர்கள். 2023 செப்தம்பர் 2-இல் அவ்வாறு எழுந்தது ஆதித்தியா. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டைப் பெண்மணி நிகார் சாசி. அதிலுள்ள முதன்மைக் கருவி நாளொன்றுக்கு 1,440 படங்கள் அனுப்பும் வகையில் திட்டமிடப்பட்டது. நொடிக்கணக்கைப் பாருங்கள்: மணித்துளிக்கு ஒரு படம். கோடைக்கானலில் நாளுக்குச் சில தகடுகளாக இருந்தது இன்று மணித்துளிக்கு ஒன்றாகிவிட்டது.

இதனினும் பெரிது வெளியுலகில் நடக்கிறது. ஐரோப்பியர் 2013-இல் ஏவிய கையா என்னும் செயற்கைக்கோள் 2025 சனவரி வரை வானை அளந்தது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறித் தோன்றும். அவ்வாறே ஞாலம் கதிரவனின் இப்பக்கம் இருக்கையிலும் ஆறு திங்கள் கழித்து அப்பக்கம் இருக்கையிலும் அண்மை மீன்கள் சற்றே இடம் மாறித் தோன்றும். அந்த மயிரிழை மாற்றத்தை அளந்தால் மீனின் தொலைவு கிடைக்கும். 2022-இல் வெளியிட்ட அதன் மூன்றாந் தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள் அடங்கின. தெயிலர் நுங்கம்பாக்கத்தில் எழுதிய 11,015-ஐப் போல் ஒன்றரை இலக்கம் மடங்குக்கும் மேல்!

தென் அமெரிக்கச் சிலி நாட்டு மலையில் வேரா உரூபின் என்னும் அம்மையார் பெயரால் எழுந்த ஆய்வகம் 2025 சூனில் தன் முதற் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி. 320 கோடி படப்புள்ளி கொண்ட ஒளிப்படக் கருவி. பத்தாண்டுக் காலம் தென்வானைச் சில இரவுக்கு ஒரு முறை முழுதும் படமெடுப்பது அதன் நோக்கம். ஓரிரவுத் தரவு ஏறத்தாழ 20 தெராபைட்டு. நம் வழக்கில் சொல்வதானால், இருநூறு பக்கத் தமிழ் நூல் ஒன்று கணினியில் பத்து இலக்கம் பைட்டு இடம் பிடிக்கும் என்று கொண்டால், ஓரிரவுக்கு இரண்டு கோடி நூல்! எந்தப் புலவன் படிப்பான்? எந்த அறிவியலார் குழு ஒவ்வொரு படமாகப் பார்க்கும்?

பார்ப்பதில்லை. பொறி பார்க்கிறது. முன்னர் எடுத்த படத்தை இன்றைய படத்திலிருந்து கழிக்கிறார்கள். மாறாதவை எல்லாம் நீங்கிவிடும். மாறியது மட்டும் எஞ்சி நிற்கும். வெடித்த மீன், மங்கிய மீன், நகர்ந்த சிறுகோள் ஆகியவை அந்த எச்சத்தில் கிடக்கும். இரகுநாதாச்சாரி 1867-இல் மனத்தால் செய்த கழித்தலும் இதுவே. கைச்சுவடியையும் அச்சுநூலையும் அருகருகே வைத்துப் பாடவேறுபாடு காணும் தமிழ்ப் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே. எச்சத்தில் பொய்யும் கலந்திருக்கும். கருவிக் கோளாறு, செயற்கைக்கோள் கடந்த கீற்று, வெற்று இரைச்சல் எல்லாம் மெய்போலத் தோன்றும். அவற்றைப் பிரிக்கக் கணினிக்குப் பயிற்சி தருகிறார்கள். இது மெய், இது பொய் என்று மாந்தர் முன்பே பிரித்து வைத்த ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளைக் காட்டினால், புதியதைக் கண்டபோது அது தானே பிரிக்கும். ஆசான் தவறாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் மாணாக்கனும் தவறாகவே பிரிப்பான். அதுவும் விரைவாக, கோடிக்கணக்கில்!

தரவு மிகுந்துவிட்டால் உண்மை தானாக வந்துவிடும் என்று மயங்குவோர் உண்டு. கருவிக்குக் குறிப்பிட்ட அளவு ஒளிக்குக் கீழ் எதுவும் தெரியாது. ஆகவே தொலைவில் உள்ளவற்றுள் பேரொளி உடையவை மட்டுமே பட்டியலில் ஏறும்; மங்கலானவை விடுபடும். பட்டியலை அப்படியே நம்புகிறவன், தொலைவில் உள்ளவை எல்லாம் பேரொளி உடையவை என்று முடிவு கட்டுவான். சங்கச் செய்யுள்களில் நமக்குக் கிடைத்தவை கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பியவை. பாடப்பட்டவை அனைத்தும் அல்ல. கிடைத்ததைக் கொண்டு கிடைக்காததையும் அளந்துவிட்டதாக எண்ணும் பிழை இலக்கிய ஆராய்ச்சியிலும் உண்டு, வானாய்விலும் உண்டு. எனவேதான் தேர்ந்த வானளவையாளர், எதனைக் கண்டோம் என்பதோடு எதனைக் காண நம் கருவிக்கு ஆற்றலில்லை என்பதையும் அட்டவணையிலேயே எழுதி வைக்கிறார்கள். காட்சி அளவை பெருகும்போது கருதல் அளவையும் கூடவே கூர்மைப்பட வேண்டும்.

இப்போது வழக்கைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சுலோன் வானளவை எடுத்த உடுமண்டிலப் படங்கள், ஏறத்தாழ 9 இலக்கம், 2007-இல் இணையத்தில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன. சுருள் வடிவா, முட்டை வடிவா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். இலக்கத்திற்கு மேற்பட்டோர் உதவ வந்தனர். அவர்களுள் ஒருவர் நெதர்லாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை அன்னி வான் ஆர்க்கெல். ஒரு படத்தில், உடுமண்டிலம் ஒன்றன் அருகே, எந்த வகையிலும் சேராத ஒளிப்படலம் ஒன்றைக் கண்டார். இஃது என்ன என்று கேட்டார். அறிவியலார்க்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தொலைவில், அருகிலிருந்த உடுமண்டிலத்தின் நடுவிலிருந்து முன்னொரு காலத்தில் பாய்ந்த பேரொளியால் ஒளியூட்டப்பட்ட வளித்திரள் அது என்று பின்னர்த் தெளிந்தது. அதற்கு உலகம் இன்று வழங்கும் பெயர் அன்னியின் வோர்வெர்ப்பு. வோர்வெர்ப்பு என்றால் என்ன? டச்சு மொழியில் பொருள், அவ்வளவே! அவ்வாசிரியை தம் தாய்மொழியில், ஏதோ ஒரு பொருள் என்று சொன்னார். அச்சொல் ஆங்கில ஆய்வேடுகளிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஏறிவிட்டது. அது போன்ற வேறு பொருள்களைக் கண்டபோது அவற்றையும் அச்சொல்லின் வழியே அழைக்கிறார்கள். டச்சு மொழி பேசுவோர் தொகை தமிழரினும் மிகக் குறைவு, தோழர்களே!

எந்தக் கலைச்சொற் குழுவும் அதற்குக் கூடவில்லை. எந்த அரசும் ஆணையிடவில்லை. கண்டவர் தம் மொழியில் வாய்திறந்தார், சொல் நின்றது. அன்னியைப்போல் பள்ளியில் கற்பிக்கும் நாமும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அப்பொருள் தமிழ்ப் பெயரோடு உலவியிருக்கும்.

நம்மவர் செய்வது வேறு. அணுவும் அண்டமும் நம் முன்னோர் அறிந்ததே, மேலையோர் நம்மிடமிருந்து கற்றதே என்று மேடையில் முழங்குகிறோம், கைதட்டுகிறோம். நம் முன்னோர் வானை நன்கு நோக்கியவர்கள். கோள்மீனும் நாள்மீனும் பிரித்து அறிந்தவர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. அதனை வகுப்பில் பெருமையோடு கற்பிக்கிறேன். ஆனால் எந்த இரவில், எந்த மீன், எவ்வளவு ஒளி என்ற எண்ணேடு நம் கையில் எங்கே? 1844-இன் எண்ணேடு இன்றைய ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. எண்ணில்லாத பெருமை எதற்குப் பயன்படுகிறது? முன்னோர் புகழ் பாடுவோரைவிட, ஒரு மீனின் ஒளியை ஓராண்டு தமிழில் குறித்து வைப்பவன் நம் இயக்கத்துக்குச் சிறந்த தொண்டன் என்பது என் கருத்து. சிலர்க்கு இது கசக்கும், கசக்கட்டும்.

சொல்லாக்கத்திலும் நாம் ஒன்று எண்ண வேண்டும். ஒரு பொருளுக்கு ஐந்து பேர் ஐந்து சொல் படைத்து, ஐவரும் மற்ற நால்வரை இகழ்ந்து கட்டுரை எழுதுகிறோம். கணிப்பொறி, கணிப்பான் என்று பலவும் இருந்தபோது கணினி நின்றது. மக்கள் வாயில் ஏறியதால் நின்றது. பாவாணர் ஐயா வாழ்நாளெல்லாம் சொல்லைத் திரட்டினார். 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராக இருந்து, 1981-இல் மறையும்வரை அப்பணியையே செய்தார். திரட்டிய பின்பே ஆராய்ந்தார். அவரும் ஒரு வகையில் தரவாளரே.

எனினும் சொல் தேவையில்லை என்று எவரும் கொள்ளற்க. தமிழ்வழியில் படித்துக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன், செய்முறை ஏட்டில் தரவு என்றும் பிழை என்றும் இரைச்சல் என்றும் எழுதினான். கருத்து முற்றும் சரி, கணக்கும் சரி. அவற்றின்மேல் செம்மையால் கோடு கிழித்து ஏடு திரும்பி வந்தது. வகுப்பில் நகைப்பும் எழுந்ததாம். அவன் படிப்பை விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பின் வகுப்பில் வாய்திறக்கவும் இல்லை. வானளவையின் உயிரே, இஃது என்ன என்று வாய்திறந்து கேட்பதில் இருக்கிறது. அந்த டச்சு ஆசிரியை கேட்டதுபோல் கேட்கத்தான் இவனுக்கு நாணமாகிவிட்டது. சொல்லை அடித்தவர் கேள்வியையும் சேர்த்து அடித்துவிட்டார்.

ஆகவே இரண்டு கேட்கிறேன். ஒன்று அரசையும் ஆய்வகங்களையும் நோக்கி. கோடைக்கானலும் காவலூரும் நம் மலைகளில் நிற்கின்றன. அவற்றை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூரில் உள்ளது. நூறாண்டுக் கதிரவப் படங்களை உலகுக்குத் திறந்து வைத்தமைக்கு அந்நிறுவனத்தாரைப் பாராட்டுகிறேன். ஆனால் அப்படங்களை எடுப்பது எப்படி, படிப்பது எப்படி, பிழை நீக்குவது எப்படி என்னும் விளக்கம் ஆங்கிலத்தில் கிடக்கிறது. மேனிலைப் பள்ளியில் கணினி அறிவியலைத் தமிழில் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐம்பது பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று போதும். 1792-இல் கல்லில் பொறிக்க முடிந்த தமிழை இன்று திரையில் பொறிக்க முடியாதா?

மற்றொன்று உங்களை நோக்கி. நம் ஊர் வானம் பழுதுபட்டது, அறிவேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி விளக்கும், துறைமுகத்து வெள்ளொளியும், நிலக்கரித் தூசும் சேர்ந்து மீன்களில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. அந்த இழப்பும் ஓர் அளவையே. எத்தனை மீன் தெரியவில்லை என்று எண்ணினால்தானே இழப்பின் அளவு தெரியும்? அடுத்து வரும் காருவா இரவில், முன்னிரவு எட்டு மணிக்கு, மாணவர்கள் வீட்டு மாடியில் பத்து மணித்துளி இருட்டில் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். வேட்டைக்காரனின் நாற்கோணத்துக்குள் கச்சை மூன்றையும் சேர்த்து எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணுங்கள். ஆதிரை எதிர்த்தோள் மீனைவிட ஒளி மிக்கதா, நிகரா, குறைந்ததா என்று பாருங்கள். நாற்பது பக்க ஏடு ஒன்றில் நாள், நேரம், இடம், எண்ணிக்கை, ஆதிரையின் ஒளி, முகில் உண்டா இல்லையா என ஆறு கட்டம் கிழித்து எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் தரவு. பங்குனி முடிய, வேட்டைக்காரன் மேற்கில் மறையும்வரை, ஒவ்வொரு காருவாவிலும் எழுதுங்கள். சவ்வாது மலைப் பக்கம் உறவினர் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளையும் அதே இரவில் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஏடுகளைச் சித்திரை முதல் கிழமைக்குள் என்னிடம் கொண்டு வாருங்கள். தேவையான ஏடுகள் மேடைக்கு இடப்புறம் வைக்கப்பட்டுள்ளன. இறங்கும்போது ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.